சாப்டியா சிஸ்டரும் எடை மெஷினும்

சாப்டியா சிஸ்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பே செஞ்சியில் கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நாங்கள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், நாடி பார்ப்பதற்கு முன்பே "சாப்டியா?" என்பார். ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டிருந்த சிங்கவரத்துக்காரரையும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். பாவம், அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் ஏறினால் ஷேர் ஆட்டோக்காரர் அடுத்த சவாரிக்குக் காத்திருக்கமாட்டார். நானோ நர்சிங் முடித்த கையோடு வந்த துடைப்பக்குச்சி.

புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் கூட்டம் போட்டார். நர்சுகளின் எடை இந்த அளவுக்குள் இருக்கவேண்டும், கூடினாலும் குறைந்தாலும் வேலை இல்லை, ஒரு மாதம் டைம் என்றார்.

"நோயாளிக்குப் புத்தி சொல்ற நர்ஸே இப்படி இருக்கலாமாம்மா?"

"நம்ம கண் டாக்டரே கண்ணாடி போட்டுக்கினுதான் சார் இருக்காரு. அவர இன்னா பண்ணப் போறீங்க?"

சிஸ்டர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் ரூல் ரூல்தான். மாட்டியது நாங்கள் இருவர். சிஸ்டர் சம்பளத்தில்தான் மகள் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று நைனா தயாராக இருந்தார்.

"டென்ஷன் ஆவாதடி. எங்கிட்ட இருக்கறது உங்கிட்ட வரணும், அவ்ளோதானே?" என்று சிஸ்டர் தன் மூன்றடுக்கு கேரியரைத் திறந்தார்.

அன்றிலிருந்து களி, கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலை உருண்டை எல்லாம் எனக்கு. அவர் மோரைக் குடித்துவிட்டு, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போன கூட்டத்தில் மயங்கியவர்கள் வந்து குவிந்த நாளில்கூட, டிரிப்ஸ் ஏற்றுகிற இடைவெளியில் என் வாயில் உருண்டையைத் திணித்தார். நான் ஊதினேன். அந்த மனுஷி மட்டும் இளைக்கவேயில்லை.

எடை பார்க்கும் நாள் வந்தது.

"மொதல்ல இவளப் பாருங்க சார்."

ஏறினேன். பாஸ்!

"என் தங்கமே!" என்று சிஸ்டர் என்னை அலாக்காகத் தூக்கினார். தூக்கிய சந்தோஷத்தில் இறக்க மறந்து, "அடுத்து நானா சார்?" என்று என்னோடு சேர்த்து மெஷினில் ஏறி நின்றுவிட்டார். முள் ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்படியே சிக்கிக்கொண்டது.

"அந்தப் பொண்ண இறக்கிவிடும்மா!" என்று மேனேஜர் அலறினார்.

"அட, மறந்துட்டேன் சார்." அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

மேனேஜர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எடையெல்லாம் வேணாம். நோயாளியத் தூக்கி உக்கார வைக்க முடியுதான்னு பாத்தாப் போதும்."

"அப்ப என் வேலை சார்?" என்றார் சிஸ்டர்.

"இருக்குதும்மா. மூஞ்சி ஏன் இப்படி வாடியிருக்கு? நீங்க சாப்டீங்களா?"

ஊரையே கேட்டவரை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சிங்கவரத்துக்காரரைப் போலவே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது ஓய்வு பெற்று அவலூர்பேட்டையில் மகளோடு இருக்கிறார். மதியமானால் போன் போடுவேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிடுவேன்.