கமண்டலத்தில் தெரிந்த நீர்க்கட்டி

தலைநகரில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பான கிட்வாய் நகரின் சமுதாயக் கூடத்தில் கடந்த வியாழக்கிழமை நிற்பதற்கும் இடமில்லை. ஜோதிலிங்க சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். பெண்களின் வயிற்றிலுள்ள நீர்க்கட்டியைக் கத்தியின்றி, மாத்திரையின்றி, வெறும் பார்வையாலேயே கரைப்பவர். கமண்டலத்துக்குள் ஒருமுறை நோக்குவார். கட்டி எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று உரைத்துவிடுவார். ஸ்கேன் இயந்திரம் கேள்விப்பட்டால் நாணித் தலைகுனியும்!

அருளைப் பெற ஒரு நடைமுறை உண்டு. விண்ணப்பப் படிவத்தை மூன்று நகல்களில் நிரப்ப வேண்டும். முதல் நகல் அம்பாளின் பாதத்துக்கு. இரண்டாவது வேள்வித் தீக்கு. மூன்றாவது திரைக்குப் பின்னே. வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மத்திய அரசுக் கோப்புகளோடு வாழ்ந்த குடும்பத்தினர். மூன்று நகல் கேட்டால் நான்காகக் கொடுப்பார்களேயன்றி, எதற்கென்று கேட்கமாட்டார்கள். படிவத்தின் ஏழாம் கட்டத்தில் தம் கையாலேயே நோயை எழுதிக் கொடுத்துவிட்டு, அரை மணி கழித்துச் சுவாமிகள் அதையே திருப்பிச் சொன்னபோது மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களுள் ஒருவர் வசுமதி. வயது ஐம்பத்தெட்டு, மாதவிடாய் நின்று ஆறாண்டுகள் ஆயின. அந்தத் தொல்லை ஒழிந்தது என்றிருந்தவரின் இடது சினைப்பையில் மூன்று சென்டிமீட்டர் நீர்க்கட்டி இருப்பதாக மூன்று மாதங்களுக்கு முன் ஸ்கேன் காட்டியது. இரத்தப் பரிசோதனையில் குறையில்லை, பெரும்பாலும் தீங்கிராது, எனினும் மூன்று மாதத்தில் மீண்டும் பார்த்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். அந்த மறுபரிசோதனை நாள், அடுத்த நாளான வெள்ளிக்கிழமை. ஆனால் சுவாமிகள் அதற்கு முந்தைய வார அமர்விலேயே ஆணையிட்டிருந்தார்: "கரைச்சுட்டேம்மா. இனிமே மெஷின் கண்ணுல காட்டாதே. காட்டினா திரும்ப முளைக்கும்."

உடன் வந்திருந்த பக்கத்துக் குடியிருப்புப் பூங்கோதை, ஓர் அமைச்சகத்தின் தபால் பிரிவில் ஓய்வு பெற்றவர்.

"நாளைக்கு ஸ்கேனுக்கு வரியா இல்லையா, வசு?"

"வேணாங்க்கா. மூணு சென்டிமீட்டர்னு சாமி எவ்வளவு கரெக்டா சொன்னார்!"

"நீதானே எழுதிக் குடுத்தே?"

"அது அம்பாளுக்குக் குடுத்தது."

"அம்பாளுக்கு எதுக்குடி மூணு காப்பி? ஆபீஸா நடத்தறா?"

வசுமதியின் கண்கள் கலங்கின. "பயமா இருக்குக்கா. டாக்டர் 'பாப்போம்'னு சொல்றாங்க. இவர் 'போயிடுச்சு'ன்னு சொல்றார். எது கேக்க நல்லா இருக்கு, நீங்களே சொல்லுங்க."

பூங்கோதை கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய தாள் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுந்து தொண்டரிடம் சென்றார். "பையா, ஒரு ஃபார்ம். ஜல்தி!"

அரை மணி கடந்தது. அவர் முறை வந்தது. சுவாமிகள் கமண்டலத்துக்குள் கூர்ந்து நோக்கினார்.

"வலப்பக்கம்... நாலு புள்ளி ஏழு. முள்ளு முள்ளா நிக்குது தாயே!" கைகளை வீசினார். "கரையுது... கரைஞ்சுடுச்சு! வயிறு லேசாச்சா?"

"பன்னண்டு வருஷமாவே லேசாத்தான் இருக்கு, சாமி. கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை எல்லாத்தையும் அப்பவே ஆபரேஷன்ல எடுத்தாச்சு. இதோ டிஸ்சார்ஜ் பேப்பர். இடிச்சுத் தள்ளின குவார்ட்டர்ஸ்ல யாரைக் காலி பண்ண வெச்சீங்க?"

சுவாமிகள் கமண்டலத்துக்குள் மறுபடி நோக்கினார். "அது... அது சூட்சுமக் கட்டி!"

"சூட்சுமக் கட்டிக்குச் சென்டிமீட்டர் கணக்கா? அந்த நாலு புள்ளி ஏழு நான் சும்மா எழுதினது!"

அப்போது எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. வசுமதி மேடையேறிக் கமண்டலத்தைப் பற்றிக் கவிழ்த்தார். ஒரு துளி நீரில்லை. கைபேசி ஒன்று விழுந்தது. அதன் திரையில் பூங்கோதையின் விண்ணப்பம், ஏழாம் கட்டம் பெரிதாக்கப்பட்டு, பளிச்சென்று தெரிந்தது.

கூட்டத்திலிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி பாலசுப்ரமணியத்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "என் வைஃபுக்கு நிஜமாவே கரைஞ்சுதே, மேடம்!" என்று பூங்கோதையைக் கேட்டார்.

"சின்ன நீர்க்கட்டி நிறைய பேருக்குத் தானாவே போயிடும், சார். போகாதது யாருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன். அதைத்தானே இந்த ஆள் எடுக்காதேங்கறார்?"

"அச்சா..." என்று இழுத்தவர், மேடையைத் திரும்பிப் பார்த்தார். பின்னர், "சுவாமி எங்கே?" என்றார். சுவாமிகள் பின்வாயில் வழியாக மறைந்திருந்தார். காவல் நிலையத்துக்கு முதல் அழைப்பு விடுத்தவர் பாலசுப்ரமணியமே.

வெள்ளிக்கிழமை வசுமதி ஸ்கேனுக்குச் சென்றார். கட்டி கரையவுமில்லை, வளரவுமில்லை. அதே மூன்று சென்டிமீட்டர். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார் மருத்துவர். வலி வந்தாலோ வயிறு உப்பினாலோ அதற்கு முன்பே வர வேண்டும் என்றும் சொன்னார். வசுமதிக்கு அச்சம் முற்றிலும் அகலவில்லை. ஆயினும் அன்று அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஐயங்களையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை மருத்துவரையும் எழவிடவில்லை.

அன்பர்களே, வயிற்றில் கட்டி என்றால் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அறிவில் கட்டி என்றால் அதற்கு எந்த மருத்துவமனையிலும் பிரிவு கிடையாது. அவரவர் சிந்தித்துத்தான் கரைத்துக்கொள்ள வேண்டும்.