ஒற்றைக் காலில் நின்ற பயிற்சியாளர்

இந்த ஜென்மத்தில் வாசல் அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று பயிற்சியாளர் முடிவு செய்துவிட்டார். கல்லூரியில் தாவல் கற்றுக்கொடுப்பவர் அவர். அறையில் இருந்தவை, மேலே ஏறித் தாவிப் பழகுவதற்கான அவருடைய மரப்பெட்டிகள். மனைவிக்குக் கணக்கு டியூஷன் நடத்த அதே அறை வேண்டும். டியூஷன் பிள்ளைகள் சமையலறையில் மாவு டின்மேல் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருமே ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"தாவிப் பார்த்துடலாம். யார் அதிகம் எழும்புறாங்களோ அவங்களுக்கு அறை" என்றாள் மனைவி.

கணக்கு டீச்சரோடு சரிசமமாகத் தாவுவது அவர் தகுதிக்குக் குறைவு. தான் ஒற்றைக் காலில் தாவுவதாகவும், அவள் இரண்டு காலையும் பயன்படுத்தலாம் என்றும் சலுகை அறிவித்தார். நடுவரும் தானே, தீர்ப்புக்கு அப்பீல் இல்லை என்றார். கூடவே இலவசமாக ஒரு விரிவுரை. ஒற்றைக் கால் என்றால் பாதி உயரம்தான் என்று பாமரர் நினைப்பார்களாம். பாதிக்கு மேலேயே வருமாம்.

"ரெண்டு காலும் சேர்ந்தா, ஒவ்வொண்ணும் தன் முழு பலத்தைக் கொடுக்காது. ரெண்டு பேர் பீரோ தூக்குற மாதிரி. மத்தவன் தூக்குவான்னு ஆளாளுக்குக் கொஞ்சம் விட்டுடுவாங்க."

"நம்ம பீரோவை நகர்த்தினப்பவே எனக்கு அது தெரியுங்க."

சாக்பீஸ் பொடி தொட்ட விரலால் சுவரில் நின்றபடி ஒரு குறி, தாவி இன்னொரு குறி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தாவல். பயிற்சியாளர் நின்று கையை உயர்த்தினார்.

"அடேயப்பா, கை அவ்வளவு எட்டுதா? இன்னும் எட்டும்போல இருக்கே."

கல்யாணமான நாளாக அவர் உயரத்தை யாரும் மெச்சியதில்லை. தோளை ஏற்றினார், விலாவை இழுத்தார், விரல் நுனிவரை நீண்டு குறி வைத்தார். பிறகு ஒற்றைக் காலில் எம்பினார். முழங்கால் மடிந்த விதமும் கை வீசிய வேகமும் பாடப்புத்தகத்தில் படம் போடத் தக்கவை.

அடுத்து அவள் நின்று குறி வைத்தாள். தோள் தொங்கியது, முழங்கை லேசாக மடிந்திருந்தது. மாணவர்கள் செய்யும் இதே திருட்டைப் பற்றிப் போன வாரம் சாப்பிடும்போது அவரேதான் புலம்பித் தீர்த்தார். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இப்போது நடுவர் தன் குறியின் உயரத்தை ரசித்தபடி, திரும்பாமலே "சரி" என்றார். இரண்டு காலும் சேர்த்து அவள் சுமாராக ஒரு தாவல் தாவினாள்.

அளந்தார். அவளுக்கு இரண்டு விரற்கடை அதிகம். மறுபடி அளந்தார். விரற்கடை அசையவில்லை.

"எப்படி?"

"கழித்தல் கணக்குங்க. மேல இருக்கிறதைக் கூட்ட முடியலைன்னா கீழ இருக்கிறதைக் குறைக்கணும். நீங்க கீழயும் சேர்த்துக் கூட்டிட்டீங்க."

அப்பீல் செய்ய வாய் திறந்தார். நடுவர் நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார்.

"போறதுக்கு முன்னாடி சுவத்துல உங்க குறி ரெண்டையும் துடைச்சிடுங்க" என்றாள் மனைவி. "எனக்கு எட்டாது."