திருச்சி என்னும் வெளிநாடு

"நீங்க வெளிநாட்டுல வேலை பாத்திருக்கீங்களா?" என்று திருச்சி ஆடிட் கம்பெனி மானேஜர் கேட்டபோது, மலையாண்டி சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே சொல்தான். இல்லை.

ஆனால் அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வராது. கல்யாணத்தின்போது "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, பெண்ணின் முகத்தையே பார்க்காமல் "பிடிச்சிருக்குங்க" என்று சொன்னவர் அவர்.

"பாத்திருக்கேங்க" என்றார்.

"எந்த நாடு?"

மலையாண்டிக்கு இருமல் வந்தது. முதலில் பொய் இருமல். பிறகு அதுவே நிஜமாகி நிற்காமல் போயிற்று.

"சரி சரி, தண்ணி குடிங்க. புதன்கிழமை அத்தாட்சியோட வாங்க. எங்க பினாங்குக் கிளைக்கு அயல்தேசத்துல பழகின ஆளுதான் வேணும்."

பினாங்கு! கீரனூர் அரிசி மில்லில் மூட்டைத் தூசியில் உட்கார்ந்து மற்றவர் போட்ட கணக்கைத் திருத்தித் திருத்தி மலையாண்டியின் முதுகு வளைந்திருந்தது. பினாங்கில் ஆடிட்டர், அப்புறம் சிங்கப்பூர், அப்புறம் லண்டன் என்று மனத்துக்குள் அவர் கப்பல் ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது இருமல் வந்து அதைக் கவிழ்க்கப் பார்த்தது.

குன்றாண்டார்கோவிலில் வீட்டு வாசலிலேயே மனைவி செவந்தி நின்றிருந்தாள்.

"வேலை கெடைச்சிருச்சா?"

"கெடைச்ச மாதிரிதான்."

'மாதிரி' என்ற சொல் செவந்தியின் காதில் விழவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"பினாங்குல என்னாத்தா வேலை?" என்று பக்கத்து வீட்டு ராசாத்தி கேட்டாள்.

"ஆடிட்டரு."

"ஆட்டுடரா? ஆடு மேய்க்கறதுக்கா அம்புட்டுத் தூரம் போவணும்? இங்கிட்டு இல்லாத ஆடா?"

"ஆடு இல்லடி, ஆடிட்டு! கணக்குல களவாண்டவனைப் பிடிக்கற வேலை."

"அப்பப் போலீசுன்னு சொல்லு!"

மறுநாள் மில் முதலாளி ரத்தினவேலே மாலையோடு வந்து நின்றார்.

"ஏப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே? அடுத்த வாரமே கப்பலாமே? வேலையை விட்டு நின்னுக்கிறியா?"

"நின்னுக்கிறேங்க" என்றது மலையாண்டியின் வாய்.

"சந்தோசம். ஒன் எடத்துக்கு எங்க அக்கா மகன் காலையிலேயே வந்து உக்காந்துட்டான்."

மலையாண்டி மாலையோடு அங்கேயே நின்றார். மில்லும் போயிற்று, பினாங்கும் கையில் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு கீரனூர்க் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஜைனுதீன் அத்தர் கடை வைத்திருந்தார். யுத்தத்துக்கு முன்பு பினாங்கில் இருந்தவர். இந்த வேலையைப் பற்றிச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

"பாய், நான் செத்தேன்."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஜைனுதீன் சிரித்தார். "நீ முன்னாடி திருச்சி மில்லுல மூணு வருசம் கணக்குப் பாத்தீல்ல?"

"பாத்தேன்."

"ஒன் மடியில இருக்கற அம்மன் காசு திருச்சியில செல்லுமா?"

"செல்லாது பாய்."

"பெறகென்ன? நம்ம காசு செல்லாத ஊரு வெளிநாடுதான்! இது புதுக்கோட்டை ராசா சீமை. அங்க வேற சர்க்காரு, வேற சட்டம். கப்பல் ஏறினாத்தான் வெளிநாடா? கரியில ஓடற பஸ் ஏறினாலும் வெளிநாடுதாம்ப்பா. நீ சமஸ்தானத்துப் பிரஜைன்னு ஒரு முத்திரை வாங்கிட்டுப் போ. மத்ததை அந்த மானேஜரே ஒத்துக்குவாரு."

மலையாண்டிக்கு உயிர் வந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் புதுக்கோட்டைக்குப் போய், முத்திரை போடுகிற ஆபீசில் நின்றார். குமாஸ்தா ஆண்டியப்பன் விசிறிக்கொண்டே நிமிர்ந்தார்.

"பிரஜைன்னு அத்தாட்சியா? இப்பப் போயி இது எதுக்குங்க?"

கேட்டால் மறுக்கத் தெரியாத மலையாண்டி எல்லாவற்றையும் சொன்னார். அம்மன் காசு வரைக்கும் வந்ததும் ஆண்டியப்பனின் விசிறி நின்றது.

"எந்தத் தெருவுல இருக்கு அந்தக் கம்பெனி?"

சொன்னார்.

"மானேஜர் எப்படி, நல்ல மனுசரா?"

"தங்கமான மனுசருங்க."

"பலே. ஒங்க மூளை யாருக்கும் வராதுங்க. முத்திரை உள்ளே இருக்கு, அதிகாரி இல்லை. புதன்கிழமை காலையில வாங்க."

"அய்யா, புதன்கிழமைதான் திருச்சியில கெடு..."

"காலையில வாங்கிக்கிட்டு மத்தியானம் போயிருங்க. எனக்குத் தெரியாத திருச்சியா? நான் பொறந்ததே உறையூருதான். இங்கிட்டு வந்து உத்தியோகம் பாத்தே தலை நரைச்சுப்போச்சு."

அவர் பின்னால் இரண்டு பேர் சுவரிலிருந்து ராஜா படத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளை அடிக்கறாங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றார் ஆண்டியப்பன்.

செவ்வாய்க்கிழமை ஊரில் ஆடு வெட்டிவிட்டார்கள். மாமனார் வீட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பந்தியில் யாரோ "பினாங்கு போனா எங்களை மறந்துராதீங்க மாமா" என்றபோது மலையாண்டிக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது.

புதன்கிழமை ஆண்டியப்பனின் நாற்காலி காலியாக இருந்தது. ஆபீஸ் பியூன் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"அவரு நேத்துலேருந்து லீவுங்க. நீங்க வந்தாக் குடுக்கச் சொல்லி முத்திரை போட்டே வச்சுட்டுப் போயிருக்காரு."

அந்த நல்ல மனிதரை மலையாண்டி மனசார வாழ்த்தினார். பஸ் கீரனூரைத் தாண்டும்போது வழியெல்லாம் தோரணம், மேளம், கொடி. பெரிய இடத்துக் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நல்ல சகுனம்.

மானேஜர் முத்திரையைப் பார்த்தார். மலையாண்டி சொன்ன நியாயத்தைக் கேட்டார். அம்மன் காசையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாங்க. நேத்து வரைக்கும் இது பேச்சு. நீங்க இன்னைக்குப் பேப்பர் பாக்கலையா? உங்க சமஸ்தானம் இந்தியாவோட சேந்தாச்சு. இப்ப நீங்களும் நாங்களும் ஒரே நாடு. இனி இதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை."

மலையாண்டி எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்தார். மில்லுக்குத் திரும்ப முடியாது. ஆட்டுக்கறி தின்ற ஊருக்கும் திரும்ப முடியாது. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வெளிநாட்டை யாரோ உள்நாடாக்கிவிட்டார்கள்.

கம்பெனி பியூன் வெள்ளைச்சாமி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"குடிங்க அய்யா. வேற வேலை ஏதாச்சும் கையில இருக்குதா?"

"இல்லை" என்றார் மலையாண்டி. அந்தச் சொல் முதல்முறையாக எவ்வளவு சுலபமாக வந்தது!

வெள்ளைச்சாமி உச்சுக்கொட்டினார். "நீங்க இன்னைக்கு அலைஞ்சதே வீணுங்க. அந்தப் பினாங்கு வேலைக்கு நேத்தே ஆள் எடுத்தாச்சு. நம்ம உறையூர்க்காரரு ஒருத்தரு, புதுக்கோட்டைங்கற வெளிநாட்டுல தலை நரைக்கற வரைக்கும் உத்தியோகம் பாத்தவராம். அத்தாட்சி எங்கேன்னு கேட்டதும், பையிலேருந்து முத்திரையையே எடுத்து மானேஜர் கண்ணு முன்னாலேயே குத்திக் குடுத்துட்டாருங்க!"