அத்தை பெயரில் ஒரு மேட்டுப்பாத்தி

விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்க்கிற ஆள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. நான் மூடியதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அது நேற்றைய படமோ என்று திரும்பி வருவேன். எட்டாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்க்கப் பயந்து, பார்க்காமலேயே வேலைக்குப் போனவன். (பாஸ்தானாம். மூன்று வருஷம் கழித்து ஒருத்தர் சொன்னார்.)

வேலை, திண்டுக்கல்லில் ஒரு டைல்ஸ், கிரானைட் கடையில். வீடு, ஊருக்கு வெளியே புதிதாகப் பிளாட் போட்ட பகுதியில். வீட்டில் நான், தையல் வேலை பார்க்கும் என் மனைவி ஜெசிந்தா, மாமியார் சவேரியம்மாள். மாமியார் எனக்குத் தூரத்து அத்தை முறை. நான் டவுசர் போட்ட காலத்திலிருந்தே "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை ஆன பிறகும் அந்தப் பதவியில் மாற்றமில்லை.

அத்தை சேவுகம்பட்டியில் விவசாயம் பார்த்தவர். குடிவந்த சூட்டோடு வீட்டு வாசலில் நாற்பது கத்தரி நாற்று நட்டார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு. வேர் பிடித்ததா இல்லையா என்று எனக்கு ஒரே கவலை. தினமும் காலையில் ஒவ்வொரு நாற்றாக மெதுவாக உருவி, வேரைப் பார்த்துவிட்டு, மறுபடி நட்டு வைத்தேன். எட்டாம் நாள் நாற்பதும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

"நாப்பது உசுருலே! பாவி!" என்று அத்தை துணிப்பையை எடுத்தார். "உன் கையால ஒரே ஒரு வெண்டைக்கா காய்க்கட்டும். அன்னைக்கு இந்த வீட்டுல சோறு திங்க வாரேன்."

சேவுகம்பட்டியில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஜெசிந்தா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கரண்டியால் சட்டியைத் தட்டித்தான் கேட்டாள்.

எப்படியாவது ஒரு வெண்டைக்காய். என் வாழ்க்கையே அதில் வந்து நின்றது.

போனில் வீடியோ தேடினேன். செங்கல்லை அடுக்கி, மண்ணை மேடாகப் போட்டு, அதைக் கயிற்றால் ஒரு அடிக்கு ஒரு அடி கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு செடி என்று வளர்க்கிறார்கள். எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது. கவலைப்படுவதற்குக்கூட ஒரு ஒழுங்கு கிடைக்கிறது அல்லவா?

வீடியோவில் நாலுக்கு நாலு அடி என்றார்கள். எங்கள் கேட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் மூன்றடி அகலம்தான் இருந்தது. சரி, நீளத்தைக் கூட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, டேப் கடையில் கிடந்தது. நானே தரையில் மல்லாந்து படுத்து, கால் பக்கம் ஒரு செங்கல், தலைக்கு மேல் ஒரு செங்கல் வைத்துக்கொண்டேன். ஆறுக்கு மூன்று. பதினெட்டுக் கட்டம்.

மழையில் மண் அமுங்கிவிடுமோ என்று பயந்து நடுவில் நன்றாகக் குவித்தேன். கறையான் ஏறுமோ என்று பயந்து செங்கலுக்கெல்லாம் வெள்ளையடித்தேன். பூச்சி வருமோ என்று பயந்து சுற்றிலும் செண்டுமல்லி நட்டேன். தலைமாட்டில் அவரைக்கொடி ஏற ஒரு கம்பை ஊன்றி, அது காற்றில் ஆடுமோ என்று பயந்து குறுக்கே ஒரு கம்பு கட்டினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, அத்தையைக் குளிர்விக்க ஒரு யோசனை. கடையில் கழித்துப் போட்ட கறுப்பு கிரானைட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வெள்ளைப் பெயின்டில் எழுதினேன். மேலே பெரிதாக 'சவேரியம்மாள்'. அதற்குக் கீழே விதைத்த தேதி, அதற்குக் கீழே முதல் காய் பறிக்கவேண்டிய தேதி. (வருஷம் எழுத இடமில்லை.) கடைசி வரியில் 'காய்கறித் தோட்டம்'. கல் சாய்ந்து யார் காலிலாவது விழுந்துவிடுமோ என்று பயந்து ஆழமாகப் புதைத்ததில் கடைசி வரி மண்ணுக்குள் போய்விட்டது. பரவாயில்லை, பெயர்தானே முக்கியம் என்று விட்டுவிட்டேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

தினமும் சாயங்காலம் கொசுவுக்காக நாலு ஊதுபத்தி கொளுத்தி வைத்து, பாத்தி முன்னால் தலையைக் குனிந்து நின்று, உதட்டை அசைத்து இலைகளை எண்ணுவேன். ஒரு மாதம் போயிருக்கும். தெருவில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டார். எதிர்வீட்டு லூர்துசாமி அண்ணன் என் தோளைத் தொட்டு, "எல்லாம் அவன் சித்தம் தம்பி, மனசத் தேத்திக்க" என்றார். எனக்கு ஏதோ பெரிய வியாதி, முகத்தில் தெரிகிறது போல என்று பயந்து போய் ரத்தம் டெஸ்ட் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். அவர்கள் மறைக்கிறார்களோ என்று இன்னொரு இடத்திலும் எடுத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையில் நான் போய் மாமனார் கல்லறைக்கு, பாத்திக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பையே அடித்துவிட்டு, பூ வைத்தேன். எழுந்து பார்த்தால் வரிசை வரிசையாக வெள்ளை விளிம்பு, குவித்த மண், செண்டுமல்லி. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள், 'நல்ல வெயில் விழுகிற இடம், கத்தரி அமோகமாக வரும்' என்று புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் அத்தை கல்லறைக்கு வந்துவிட்டு, ஜெசிந்தாவோடு வீட்டுக்கு ஒரு எட்டு வருவதாக ஏற்பாடு. செடியில் ஏழெட்டுப் பூ. காய்? என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பிய தெருச்சனம் எங்கள் கேட்டில் நின்றது. முன்னால் லூர்துசாமி அண்ணன், கையில் மெழுகுவர்த்திக் கட்டு.

"தம்பி, செத்த நேரம் செபம் சொல்லிட்டுப் போறோம்."

தோட்டத்தை மந்திரிக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "வாங்கண்ணே, வாங்க. பாத்து, மேல கால் பட்டுறாம."

"படுமா தம்பி? அந்த மரியாதை தெரியாதா?" என்றார் அவர்.

கட்டத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வெண்டை இலையில் மெழுகு சொட்டிவிடுமோ என்பதுதான் என் கவலை. லூர்துசாமி அண்ணன் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க சவேரியம்மாள் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி குடுங்க" என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைச் செங்கல், கறுப்புக் கல், சிலுவை. "அண்ணே, இது வந்து..." என்று வாயைத் திறந்த அதே நேரம் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது.

வாசல் நிறையக் கூட்டம், மெழுகுவர்த்தி, அழுத முகங்கள். அத்தை ஆட்டோவிலிருந்து கையில் பையோடு அலறிக்கொண்டு இறங்கினார்.

"ஐயோ! எம் மாப்ளைக்கு என்னாச்சு! என்னங்கடி ஆச்சு எம் மாப்ளைக்கு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா "இயேசுவே!" என்று மூன்றடி பின்னால் பாய்ந்தார். லூர்துசாமி அண்ணன் கல்லைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், திரும்பக் கல்லைப் பார்த்தார்.

நான் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் அத்தையின் அழுகை பொட்டென்று நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கல்லைப் படித்தார்.

"ஏலே. யாரு, நானா?"

"அத்த, அது தோட்டம் அத்த. மண்ணுக்குள்ள எழுதியிருக்கு..."

"ரெண்டாவது தேதி அடுத்த செவ்வாக்கிழமைல்ல வருது?"

"அது வெண்டைக்காய்க்கு அத்த!"

லூர்துசாமி அண்ணன் மெதுவாகக் குனிந்து, மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைக்க ஆரம்பித்தார். அத்தை அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருங்க, வெளிச்சம் வேணும்" என்று குத்தவைத்து, செண்டுமல்லியை விலக்கி, ஒரு இலைக்கு அடியில் கையை விட்டார். விரல் நீளத்தில் ஒரு வெண்டைக்காய். தினமும் இலையை எண்ணிய நான் அதைப் பார்க்கவே இல்லை. பறித்து, நுனியைப் படக்கென்று ஒடித்து, வாயில் போட்டு மென்றார்.

"பிஞ்சுதான். நல்லாருக்கு." பையை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். "உள்ள கொண்டுபோய் வையிடி. அடுத்த செவ்வா வரைக்கும் இருந்து, என்னதான் ஆகுதுன்னு பாத்துட்டுப் போறேன்."

முதலில் சிரித்தது ஜெசிந்தா. அப்புறம் தெருவே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "ஏங்க, எல்லாருக்கும் டீ போடவா?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

அத்தை அதற்குப் பிறகு சேவுகம்பட்டிக்கு விருந்தாளியாகத்தான் போகிறார். என்னை 'மாப்ள' என்றது அந்த ஒரு தடவைதான். மறுநாளிலிருந்து பழையபடி "ஏலே". கல்லை எடுக்கவும் விடவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றும் இல்லை என்றால், "ஏலே, என் கல்லறையில ரெண்டு கத்தரிக்கா பறிச்சுட்டு வா" என்பார். வந்திருக்கிற விருந்தாளிக்குப் புரை ஏறும்.

வருஷா வருஷம் அந்த இரண்டாவது தேதியில் வீட்டில் வெண்டைக்காய்ச் சாம்பார். சாப்பிட்டு முடித்ததும் அத்தை கையைத் தட்டி, "இந்த வருஷமும் தாண்டிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். எதிர்வீட்டிலிருந்து லூர்துசாமி அண்ணன், "தோத்திரம்!" என்பார்.

எல்லாருக்கும் அது சிரிப்பு. நான் மட்டும் அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிட்டு, அத்தையை பஸ் ஏற விடாமல், பாத்ரூம் வாசலில் தண்ணீர் சிந்தியிருக்கிறதா என்று துடைத்துக்கொண்டே இருப்பேன். தேதி எழுதினவன் நானில்லையா?