முதல் தட்டும் மச்சினன் அணிலும்

ஒரு காட்டில், கரண்ட் இருக்கும் நாட்களில் மட்டும், கோமதிநாயகம் என்ற அணில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது. வெறும் வீம்புக்கு அல்ல. கோடைக்காக அது நானூற்றுப் பன்னிரண்டு வாதாங்கொட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. எந்தக் குழி எங்கே என்று அணிலுக்கு மறந்துவிடும். அந்தப் பட்டியல் போனால் குடும்பம் பட்டினிதான்.

காட்டுப்பன்றி மோப்பம் பிடித்துவிடும் என்ற பயத்தில், தினமும் சில கொட்டைகளை இடம் மாற்றச் சொல்லி மச்சினன் பிச்சுமணிக்கு உத்தரவு போடும்.

"மாத்தியாச்சா மாப்ளே?"

"ஆச்சு அத்தான்" என்பான் பிச்சுமணி, படுத்தபடியே.

உடனே அணில் சிடியில் பதிவு செய்யும். முதல் சிடியில் முழுப் பட்டியல். அடுத்தடுத்தவற்றில் அன்றைக்கு மாறியது மட்டும். 'குழி 37: பழைய இடத்திலிருந்து நாலடி மேற்கே.' இப்படி முதல் சிடி போக, முப்பது நாளில் இன்னும் முப்பது சிடி. "தினமும் எல்லாத்தையும் எழுத நான் என்ன கிறுக்கனா?" என்று பெருமை வேறு.

பங்குனி பிறந்தது. சர்வீஸ் செய்கிறேன் என்று ஒரு குரங்கு கம்ப்யூட்டரைக் கழற்றியது. அதன் பிறகு அது கம்ப்யூட்டராக இல்லை.

அணில் கலங்கவில்லை. சிடிகளைத் துடைத்துப் பாறையில் காயவைத்தது. திரும்பி வந்தால், முதல் சிடியைக் காணோம்! அண்ணாந்து பார்த்தால், அஞ்சலைக் காக்கை தன் கூட்டின் முன்னால் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

"அஞ்சலையக்கா, அது இல்லேன்னா மத்த முப்பதும் வெத்துத் தட்டு. குடுத்துருங்க."

"போன வருசம் அந்தக் குயில் என் கூட்டுல முட்டை போட்டுட்டுப் போயிட்டா. வளத்தது யாரு, நானு! இது மின்னுறதைப் பாத்துட்டு இப்ப கிட்டவே வரமாட்டேங்கா. வேணும்னா ஒண்ணு செய்யி. அந்த முப்பதையும் குடு, இதைத் தாரேன்."

வீட்டில் பிள்ளைகள் காலையிலிருந்து பட்டினி. அணில் யோசிக்கவில்லை. முப்பதையும் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டு, முயலின் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, நடந்ததைச் சொன்னது.

முயல் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது. "அண்ணே, இது போன மாசத்து இடம்லா? அந்த முப்பதையும் இங்க ஒரு காப்பி எடுத்துட்டுக் குடுத்திருக்கலாமே?"

அணில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கெட்டிக்காரத்தனத்தால் குடும்பத்தைக் கொன்றுவிட்டோமே என்று வாய்விட்டு அழுதது. அக்காள் பிள்ளைகளின் அழுகையைத் தாங்க முடியாமல் தேடி வந்த பிச்சுமணி, வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான், அந்தப் பழைய இடத்துலயே தோண்டிப் பாருங்களேன்."

"நீதானல எல்லாத்தையும் மாத்துன?"

"'ஆச்சு'ன்னுதான் சொன்னேன். இந்த வெயில்ல எவன் தோண்டுவான்?"

தோண்டினார்கள். நானூற்றுப் பன்னிரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. மச்சினனை அறைய அணில் கையை ஓங்கியது. ஆனால் இரண்டு கையிலும் கொட்டை இருந்தது.

அன்றிலிருந்து அணில் சிடி வாங்குவதில்லை. மாலையானால் மச்சினனுக்கு உத்தரவு போடுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை.

நீதி: எது மாறாமல் இருக்க வேண்டுமோ, அதை மாற்றும் பொறுப்பைச் சோம்பேறியிடம் ஒப்படை.