அத்தைக்குத் தெரியக் கூடாத ஃபோல்டர்

என் வாழ்க்கையின் ஆகப் பெரிய வெற்றி, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்யாததால் கிடைத்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை.

பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அந்த மிதப்பில், சொந்தக்காரர்கள் கல்யாணப் படங்களைப் போட்டுவைக்க உடையார்பாளையத்து வீட்டில் ஒரு சர்வர் வைத்தேன். யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு இரண்டே குழு: பங்காளிகள், மாமன் மச்சான்கள். அனுமதி இல்லாதவருக்கு அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியாது. (உறவுமுறையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மனிதன் நான்தான் என்று நினைப்பு.)

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையும் கிழமை, மணியோடு குறித்துவைப்பது என் வியாதி. போய்வந்த ஏழு வீடுகளைப் பற்றியும் எழுதி, அப்பா படிக்கட்டும் என்று பங்காளிகள் பக்கம் போட்டேன். அதில் ஓர் உள்நோக்கம் இருந்தது. என் மனதில் இருந்தது தா.பழூர் அத்தை மகள் கயல். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகள். நேரில் கேட்க எனக்குத் தைரியமில்லை; படித்தால் அப்பாவே புரிந்துகொள்வார் என்று கணக்கு. கயலைப் பார்க்க மறுவாரம் விருத்தாசலத்திலிருந்து வேறு ஆட்கள் வருவதாக இருந்தது. அப்பாவோ ஃபோல்டரைத் திறக்கவேயில்லை.

அத்தையை மாமன் மச்சான் குழுவில் சேர்த்தபோது அம்மா விடவில்லை. “அவ இந்த வூட்ல பொறந்தவடா. வெளியாளா வச்சா மூஞ்சத் தூக்கிக்குவா.” ஒரு வியாழக்கிழமை, பங்காளிகளிலும் அத்தை பெயரைச் சேர்த்தேன். இரண்டு குழுவிலும் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இது எனக்குத் தெரியும், ஆனால் அலுவலகத்தில் மட்டும்தான் ஞாபகம் வரும். அப்பா பெயரில் நுழைந்து சரிபார்த்தேன், மாமா பெயரில் சரிபார்த்தேன். அத்தை பெயரில் மட்டும் பார்க்கவில்லை.

ஜெயங்கொண்டத்தில் காதுகுத்து. ஞாயிறு, பகல் 1.20. பந்தியில் எனக்கு எதிரே அத்தை போனை எடுத்து உரக்கப் படித்தார்.

“நாலாவது வூடு, வேப்பந்தட்டை. ‘கேசரி கெட்டி. பெண் மரியாதையாகப் பேசினார். கயலாக இருந்தால் இதற்குள் மூன்று முறை கேலி செய்திருப்பாள்.’ இது யாருடா எழுதுனது?”

வாயில் வைத்த அப்பளம் நொறுங்கிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அஞ்சாவது. ‘கயலைக் கேட்கலாம். ஆனால் அத்தை மாமியாரானால்? போனை எடுத்தால் வைக்க 47 நிமிடம் ஆகிறது.’”

“அத்தை, அது... பாதுகாப்பான ஃபோல்டரு...”

“யாருகிட்டேருந்துடா பாதுகாப்பு?”

ரசவாளியோடு நின்ற கயல் வாளியை வைத்துவிட்டு போனை வாங்கினாள். முழுக்கப் படித்தாள். என் உயிர் இலையோரத்தில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் கிடந்தது.

“ஏழு வூட்டுக் கதையிலயும் என் பேரு இருக்கே மாமா. எட்டாவதா எங்க வூட்டுக்கு எப்ப வர்றீங்க? கிழமை, மணி சொல்லுங்க. விருத்தாசலத்துக்காரங்கள வரவேணாம்னு சொல்லணும்.”

“வெள்ளிக்கிழமை. காலைல பத்தரை,” என்றேன். அந்த ஒன்றில் நான் தடுமாறவே இல்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடா,” என்றார் அப்பா.

அத்தை என்னை முறைத்தபடியே என் இலையில் இன்னொரு வடை வைத்தார். சம்மதம்!

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நேரில் சொல்ல முடியாத சங்கதி யாருக்கு இருந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். காதோடு சொல்லிவிட்டு, “இத யாருக்கும் தெரியாம மறைச்சு வைப்பா” என்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை.