முப்பத்தொரு சுத்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் மகளும் நலம். வேனும் நலம். மூவரும் தனித்தனியாக நலமாக இருக்கிறோம் என்பதுதான் இக்கடிதத்துக்குக் காரணம். அங்கு தங்கள் முட்டிவலியும் அத்தையின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தாங்கள் போனை எடுத்ததும் அத்தை பின்னாலிருந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். ஆகவே கடிதம்.

நான் குழாய் ரிப்பேர்காரன் என்பதைத் தாங்கள் பெண் கொடுக்கும்போதே அறிவீர்கள். ஆனால் இந்த ஊரில் குழாயைச் சரிசெய்வது ஒரு வேலையே இல்லை மாமா, வேனை நிறுத்துவதுதான் வேலை. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கடைத்தெருவுக்கு நடுவில், நாலாவது மாடியில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் இடம் இருக்காது, அடுத்த தெருவில் இருக்காது, அதற்கடுத்த தெருவில் இருக்கும், ஆனால் அங்கே நிறுத்தாதே என்று ஒரு பலகை இருக்கும். ஒருமுறை முக்கால் மைல் தள்ளி நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிப் பார்த்தால் வாஷர் வேனிலேயே இருக்கிறது. திரும்ப ஓடி எடுத்து வருவதற்குள் தண்ணீர் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இறங்கிவிட்டது. இன்னொரு முறை, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று எழுதி, என் நம்பரையும் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனேன். போக்குவரத்துக் காவலர் போன் செய்தார், வேனைத் தூக்கப் போகிறோம் என்று. நான் ஏதோ வாடிக்கையாளர் என்று நினைத்து, பதற்றப்படாதீங்க, முதல்ல அடியில ஒரு பக்கெட் வைங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். வேன் போய்விட்டது.

அப்போதுதான் உங்க பொண்ணு ஒரு வழி கண்டுபிடிச்சா. வேனை நிறுத்தினாத்தானே பிரச்சினை, நிறுத்தவே வேண்டாம், நான் ஓட்டிட்டே இருக்கேன், நீங்க முடிச்சுட்டு வாங்கன்னா. ரெண்டு வருஷமா அப்படித்தான் நடக்குது. நான் பெட்டியோட இறங்குவேன், அவ அந்தக் கட்டடத்தையே சுத்திச் சுத்தி வருவா. எங்களுக்கு மணிக்கணக்கு கிடையாது மாமா, சுத்துக்கணக்குதான். வாஷர் மாத்த ரெண்டு சுத்து, ஃப்ளஷ் டேங்குக்கு நாலு, அடைப்புன்னா ஏழு. போன் ரெண்டு பேர் காதுலயும் ஓடிட்டே இருக்கும். அங்கேருந்தே கேட்பா, மெயின் வால்வை மூடினீங்களான்னு. மூடியிருக்க மாட்டேன். மூடிட்டேன்னு சொல்லிட்டு ஓடிப் போய் மூடுவேன். இப்படி சந்தோஷமாத்தான் இருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமைதான் சனி பிடிச்சது. ஒரு பெரிய கட்டடம், சமையலறை சிங்க்ல அடைப்பு. குனிஞ்சப்போ சட்டைப் பையிலேருந்து போன் நழுவி பக்கெட்ல விழுந்துடுச்சு. சரி, ஏழு சுத்துக்குள்ள முடிச்சுடலாம்னு முடிச்சேன். வீட்டுக்கார அம்மா பின்பக்கப் படிக்கட்டுதான் கிட்டக்கன்னு காட்டினாங்க. இறங்கினா எதிர்ல பஸ் ஸ்டாப். நான் கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் போயிட்டிருந்த அதே நம்பர் பஸ் வந்து நிக்குது, அதுவும் ஜன்னலோர சீட் காலி. இந்த ஊர்ல அந்த பஸ்ல ஜன்னலோர சீட் காலியா இருந்து நான் பார்த்ததே இல்ல. கால் தானா ஏறிடுச்சு மாமா. சத்தியமா வேற எந்தக் காரணமும் இல்ல. காத்து வந்தது, தூங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா கதவு பூட்டியிருக்கு. சாவி உங்க பொண்ணுகிட்ட. எனக்கு மூக்கு மேல கோபம் வந்துடுச்சு. மனுஷன் வேலை செஞ்சு களைச்சுப் போய் வரான், வீட்டைப் பூட்டிட்டு எங்க ஊர் சுத்தப் போயிட்டாளோன்னு எதிர்வீட்டுக்காரர்கிட்ட முக்கால் மணி நேரம் புலம்பினேன். அவரும் பொறுமையா கேட்டுட்டு, கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. உங்க வேன் எங்கன்னாரு. அப்பத்தான் ஞாபகம் வந்தது, வேன் இன்னும் அங்கேயே சுத்திட்டிருக்கும்னு.

அவ முப்பத்தொரு சுத்து சுத்தியிருக்கா. போன் அடிச்சா போகல. எனக்கு வழுக்கி விழுந்து மண்டை உடைஞ்சிருக்கும்னு நினைச்சு, வேனை நடுரோட்டுல அப்படியே விட்டுட்டு நாலு மாடி ஓடியிருக்கா. அந்தம்மா, அவர் போய் ரொம்ப நேரமாச்சே, தெம்பாத்தான் போனாருன்னு சொல்லியிருக்காங்க. கீழே வந்தா வேன் சக்கரத்துல போலீஸ் பூட்டு. அதையெல்லாம் ஒத்தையாளா பேசித் தீர்த்துட்டு வீட்டுக்கு வந்து, சாவியை என் கையில வச்சுட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. “இனிமே நான் சுத்த மாட்டேன்.”

அதோட சரி, பேச்சே இல்ல. நானும் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பஸ், சீட், காத்து, எல்லாத்தையும் வரிசையா எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவ முகம் இன்னும் இறுகிப் போச்சு. தனியா வேலைக்குப் போனேன். புதன்கிழமை அதிர்ஷ்டவசமா ஒரு நல்ல இடம் கிடைச்சது, மர நிழல், பலகை கிடையாது. அப்படி ஒரு இடத்தை விட்டுட்டுப் போக யாருக்கு மனசு வரும். ரெண்டு நாள் வேனை எடுக்கவே இல்ல. நடந்து போற தூரத்துல இருக்கிற வேலையை மட்டும் ஒத்துக்கிட்டேன். தூரத்துலேருந்து கூப்பிட்டவங்ககிட்ட, குழாயைக் கழட்டி எடுத்துட்டு வர முடியுமான்னு கேட்டேன். ஒருத்தர் நிஜமாவே எடுத்துட்டு வந்தாரு. மத்தவங்க வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க. இப்படியே போனா தொழிலும் போயிடும், பொண்டாட்டியும் போயிடுவா, அந்த மர நிழல்தான் மிஞ்சும்.

நேத்து ஒருவழியா வாய் திறந்தா. திறக்காமலே இருந்திருக்கலாம். இனிமே நீங்க ஓட்டுங்க, பெட்டியை எடுத்துட்டு நான் மேலே போறேங்கிறா. ரெண்டு வருஷம் காதுல கேட்டே தொழில் பூரா கத்துக்கிட்டாளாம். இது நடக்கிற காரியமா மாமா. பதினெட்டு வருஷம் ஸ்பானர் பிடிச்ச கை இது. ஆகவே தாங்கள் வரும் சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, தந்தை என்ற முறையில் தங்கள் மகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, அவளைப் பழையபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்குமாறு வேண்டுகிறேன். ரயிலில் வரவும். காரில் வந்தால் நிறுத்த இடமில்லை.

அத்தைக்கு என் வணக்கத்தைக் காட்டவும், கடிதத்தைக் காட்ட வேண்டாம். மச்சினன் சின்னவன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்க என் ஆசிகள்.

என்றும் தங்கள் நல்ல அபிப்பிராயத்தை விரும்பும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: சனிக்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியிருக்கிறதையும் மறந்துடுங்க.

இதை எழுதி முடிச்சதுக்கு அப்புறம், இந்த வியாழக்கிழமை எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஒரு வீட்டுல பைப் வெடிச்சு முழங்கால் தண்ணின்னு போன். நான் வேன்லேருந்து இறங்க முடியாம முனகிட்டிருந்தேன். என் இடுப்பைப் பார்த்து மனசு கேக்காம கூட வந்த உங்க பொண்ணு பெட்டியை வாங்கிட்டு மேலே போயிட்டா. நான் வேன்ல சுத்திட்டே புதுப் போன்ல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், மெயின் வால்வு எங்கன்னுதான் முதல் கேள்வியே கேட்டா. அப்புறம் சிக்னல் போயிடுச்சு. அஞ்சு சுத்துல வருவான்னு நினைச்சேன். வரல. ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு. விழுந்துட்டாளோ, ஷாக் அடிச்சுதோ, இல்ல என்னை மாதிரியே பின்பக்கமா பஸ் ஏறிட்டாளோன்னு பஸ் ஸ்டாப்பையும் எட்டிப் பார்த்துட்டே ஓட்டுறேன். பதினோராவது சுத்துல பார்த்தா, தெருமுனையில தொப்பலா நனைஞ்சு, கையில பெட்டியோட, வர்ற ஒவ்வொரு வேனா எட்டிப் பார்த்துட்டு நிக்கிறா. என்னைத்தான் தேடுறா மாமா. ஆனா பின்னால பஸ், நிறுத்த முடியல. அவளைத் தாண்டிப் போயிட்டேன். கண்ணாடியில பார்த்தா சிரிக்கிறா.

அடுத்த சுத்துல ஓடி வந்து ஏறினா. “பதினோரு சுத்துக்கே எனக்கு அழுகை வந்துடுச்சு. உன்னை முப்பத்தொண்ணு சுத்த விட்டுட்டேனே, தப்பு என் மேலதான்”னு சொன்னேன். தலையைத் துவட்டிட்டே, “முப்பத்தொண்ணுக்கு மேல நான் எண்ணல”ன்னா.

இப்ப அவதான் மேலே போறா, நான்தான் சுத்துறேன். இந்தக் கடிதம் மூணு நாளா வேன்லயே கிடக்குது, தபால் பெட்டிக்கு முன்னாடி நிறுத்த இடமில்ல. இதைக்கூட பெட்டிக்குப் பக்கத்துல இருக்கிற சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாத்தான் எழுதுறேன். நான் இறங்கிப் போட்டுட்டு வரேன், குடுங்கன்னு உங்க பொண்ணு கையை நீட்டிட்டிருக்கா. கவரை இன்னும் ஒட்டல. பச்சை விழுந்துடுச்சு, பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க.